முதல் பந்தி

அந்திமோஸ் எழுதிய கையேட்டில் பதினாறு குறிப்புகள் இருந்தன. தீவின் தென்கோடியில் பாறையைக் குடைந்து கட்டிய சொகுசு ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. பதினெட்டு வருடமாக அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லிவந்தவன், சென்ற குளிர்காலத்தில் ஹோட்டல் மூடியிருந்தபோது எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிட்டான்.

ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று சொன்னால் மட்டும் அவனுக்குப் போதாது, ஏன் அப்படி நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரமானாலும் உணவகத்தில் பில் வராது. கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது 'எழுந்து போ' என்று சொல்வதுபோல. எதிரில் இருப்பவர் புருவத்தைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்தால் 'இல்லை' என்று பொருள். இன்னொரு தடவை கேட்டால் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ப்பார், அவ்வளவுதான். 'கலிமேரா' என்று காலை வணக்கம் சொல்லும்போது 'மே'யில் அழுத்த வேண்டும். அழுத்தம் இடம் மாறினால் கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். காலை எட்டு மணிக்கே வடக்குக் காற்று கடலில் வெள்ளை நுரை கிளப்பினால் அன்றைக்குப் படகை மறந்துவிடலாம்.

பதினான்காவது குறிப்பு, புனித மரீனாவின் திருவிழாவைப் பற்றியது.

மரீனாவின் சின்னக் கோயில் மேற்குக் குடாவில், தண்ணீரை ஒட்டி இருக்கிறது. அவளுடைய திருப்படம் கோயிலில் இருப்பதில்லை. வருடம் முழுவதும் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். ஜூலை பதினேழாம் தேதி அந்த வீட்டுக்காரர்தான் விழாக்காரர். படத்தைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பூசை முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் சோறு போட வேண்டும். யாரையும் அழைப்பதில்லை, யாரையும் விலக்குவதும் இல்லை. கோயிலை ஒட்டிய நீளக் கொட்டகையில் நாற்பது பேர் உட்காரலாம். நாற்பது பேர் சாப்பிட்டு எழுந்ததும் மேசை துடைத்து அடுத்த நாற்பது. முதல் பந்தி முகம் தெரியாதவர்களுக்கு. அடுத்தது முதியவர்களுக்கு. பிறகு ஊர், பிறகு உறவு, கடைசியில் சமைத்தவர்கள். பொழுது சாயும்போது, பாதிரியார் வைத்திருக்கும் பட்டியலில் அடுத்துள்ளவர் படத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இதையெல்லாம் அந்திமோஸ் அழகாக எழுதியிருந்தான். 'டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. பணம் நீட்டாதீர்கள், அது அவமானம். வாசலில் நிற்பவர் உங்களைப் பார்க்கும்போது நெஞ்சில் கைவைத்து, வோய்த்யா மஸ் என்று சொல்லுங்கள். அவள் நமக்குத் துணை என்று பொருள். அதைச் சொன்னவரை உட்காரவைக்காமல் அனுப்ப இந்தத் தீவில் யாருக்கும் மனம் வராது.' மேலாளர் இந்தப் பத்தியை ஊழியர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினார். பக்கத்தில் அந்திமோஸின் புகைப்படத்தைப் போட்டு அச்சடித்து, ஒவ்வொரு அறையிலும் தலையணை மேல் ஒரு பிரதி வைத்தார்கள்.

இந்த வருடம் விழாக்காரன் சராந்திஸ். கல் சுவர் கட்டும் கொத்தனார். அந்திமோஸின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடும். அடுத்த வருடத்துக்கான பெயர் அந்திமோஸ். ஒன்பது வருடம் பட்டியலில் காத்திருந்து வந்த முறை. மனைவி அர்கிரோ முன்னறையின் கிழக்கு மூலையைச் சுண்ணாம்படித்து, மாடத்துக்குப் புதுத் துணி தைத்து வைத்திருந்தாள். படம் வரும்போது வாசலில் சாம்பிராணியோடு நிற்க வேண்டும் என்பதால், விழாவுக்குக்கூட வராமல் வீட்டிலேயே இருந்தாள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் வரவேற்பு மேசைப் பெண் அவனை நிறுத்தி, "உங்க பதினாலாம் நம்பர் செம ஹிட்டு. நாப்பது பேருக்கு மேல பேர் குடுத்துட்டாங்க. ஹோட்டல் படகையே விடச் சொல்லிட்டாரு மேனேஜர்" என்றாள்.

அந்திமோஸ் அன்று சாயங்காலம் சராந்திஸ் வீட்டுக்குப் போனான். சொல்வதற்காகத்தான் போனான்.

சராந்திஸ் கொல்லைப்புறத்தில் கொண்டைக்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அழைப்பே இல்லாத விருந்துக்கு எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி இருக்கிறது. போன வருடம் எத்தனை பந்தி ஓடியது, நாற்பது நாளுக்குள் ஊரில் சாவு விழுந்ததா, விழா என்ன கிழமையில் வருகிறது, காற்று எந்தப் பக்கம். இந்த நான்கும் தெரிந்தால் பத்துப் பேர் முன்னே பின்னே சொல்லிவிடலாம்.

"அஞ்சு பந்தி, இருநூறு. நான் இருநூத்தி நாப்பதுக்குப் போடறேன்" என்றான் சராந்திஸ். "சாரத்துலேர்ந்து விழுந்து பொழச்சவன் நான். மரீனாவுக்குக் கஞ்சத்தனம் பண்ண முடியுமா? என்ன கும்பாரே, பேயறஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"அடுத்த வருஷம் உன் தலையில விழப்போவுதேன்னு பயந்துட்டியா?"

சராந்திஸின் மனைவி ஃபிலியோ உள்ளேயிருந்து, "அவரு நோட்டீஸ் அடிச்சு எழுதி வெச்சே சமைப்பாரு. உப்பு எவ்ளோ, ஏன் அவ்ளோன்னு" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சொன்னால் கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையேட்டைச் சொன்னால், ஊர் விருந்தை ஹோட்டல் சரக்காக்கிக் கொடுத்தது தான்தான் என்று சொல்ல வேண்டும். ஜூலை பதினேழில் காற்று அடிக்காத வருடம் ஏது, படகு கிளம்பாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்திமோஸ் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பதினேழாம் தேதி கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

பூசை பத்தரைக்கு முடிந்தது. கொண்டைக்கடலை, மண்பானைகளில் மாவு வைத்து வாய் அடைத்து, முந்தின மாலையிலிருந்து விறகு உலைக்குள் வெந்திருந்தது. ஆட்டுக்கறி இரண்டு அண்டா. அதன் சாற்றிலேயே வெந்த மக்கரோனி இன்னொரு அண்டா. அந்திமோஸ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறத் தயாராக நின்றபோது முதல் படகு குடாவுக்குள் திரும்பியது. வெள்ளை லினன் சட்டைகள், ஓலைத் தொப்பிகள். முப்பத்தெட்டுப் பேர்.

ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து, தலையைச் சற்றுக் குனிந்து, "வோய்த்யா மஸ்" என்றார்கள். அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தது. அவன் எழுதிக்கொடுத்தபடியே.

சராந்திஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு கும்பாரே! மரீனா எங்கெங்கேர்ந்து கூட்டிட்டு வந்திருக்கா பாரு! எவ்ளோ மரியாத! உக்காருங்க, உக்காருங்க!"

முதல் பந்தி அவர்களாலேயே நிறைந்தது. அவர்கள் எழுவதற்குள் இரண்டாவது படகு வந்தது, நாற்பது பேர். முகம் தெரியாதவர் காத்திருக்க ஊர்க்காரர் உட்காருவது வழக்கமில்லை. முதியவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கோயில் சுவரின் ஒடுங்கிய நிழலில் கைத்தடிகளோடு வரிசையாக நின்றார்கள். "நமக்கென்ன அவசரம், சாவுக்கா நேரமாச்சு?" என்று ஒரு கிழவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர், "உனக்கு ஆச்சு. எனக்குப் பசிக்குது" என்றார்.

இரண்டாம் பந்தியில் ஒருவர் அந்திமோஸை அடையாளம் கண்டு, கையேட்டைத் தூக்கி ஆட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரொட்டிக் கூடையோடு வந்துகொண்டிருந்த சராந்திஸ் நின்றான்.

"என்னது அது? உன் மூஞ்சி போட்டிருக்கு?"

"ஹோட்டல் புஸ்தகம். எல்லார் மூஞ்சியும் போட்டிருக்கு."

"நல்லாத்தான் இருக்கே. கல்யாண மாப்ள கணக்கா" என்று சொல்லிவிட்டு சராந்திஸ் ரொட்டி வைக்கப் போனான். அந்திமோஸ் கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி நின்றான். காது மடல் எரிந்தது.

முகம் தெரியாதவர்களுக்கு இரண்டு மூன்று தடவை கறி அள்ளி வைத்ததில், மூன்றாம் பந்தியில் முதியவர்கள் உட்கார்ந்தபோது கறித்துண்டுகள் பாதியாகியிருந்தன. ஃபிலியோ சமையலறையில் கத்தியால் எலும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான்காம் பந்திக்கு மக்கரோனியும் சாறும்தான். ஊர்க்காரர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். "வயிறு சரியில்ல, இதுவே போதும்" என்று ஒருவர் சொன்னார்; எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்று நாளாகத் தூங்காத சராந்திஸ் அவர்களின் தட்டுகளைப் பார்க்காமல் ஒயின் மட்டும் ஊற்றிக்கொண்டே போனான். அவன் கழுத்தின் பின்புறம் சிவந்திருந்தது.

அப்போதுதான் மூன்றாவது படகின் சத்தம் கேட்டது.

அந்திமோஸ் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினான். இருபத்தொன்பது பேர். முன்னால் நின்றது எண்பது வயதிருக்கும் டச்சுக்காரப் பெண்மணி. மூன்று நாளாக நீச்சல் குளத்தருகே அவனை மடக்கி மடக்கி உச்சரிப்புக் கற்றவள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கைத்தடியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள்.

"வோய்த்யா மஸ்."

"மன்னிக்கணும். விருந்து முடிஞ்சுபோச்சு" என்றான் அந்திமோஸ். ஹோட்டல் வரவேற்பறையில் பேசும் குரல் அது, தன்னால் வந்துவிட்டது. "இனிமே குடும்பத்துக்காரங்களுக்கு மட்டும். விழாக்காரர் உங்ககிட்ட வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்."

அவள் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். உலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் மேசையில் இருந்தார்கள். அவள் கையை நெஞ்சிலிருந்து மெதுவாக இறக்கி, கைத்தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "தப்பா சொல்லிட்டேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. சரியாத்தான் சொன்னீங்க."

படகு திரும்பிப் போனது. அவன் மேலே ஏறி வந்தபோது ஃபிலியோ சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள்: "அந்தப் படகு ஏன் திரும்பிப் போவுது?"

"எஞ்சின்ல ஏதோ கோளாறாம்."

"கோளாறான எஞ்சினா அவ்ளோ வேகமாப் போவுது?" என்றாள் அவள். சராந்திஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் கரண்டி. "ஆள் எறங்கலயே. நீதானே கீழ போனே?"

அந்திமோஸ் வாயைத் திறந்தான். இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சராந்திஸின் முகத்தில் சந்தேகமே இல்லை. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிற முகம்.

"நான்தான் அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டேன்னா?"

"விருந்து முடிஞ்சுதுன்னு சொன்னேன். நீ சொன்னதாச் சொன்னேன். கறி இல்லயே, கும்பாரே. நாலாம் பந்திக்கே இல்ல. ஊர் முன்னாடி உன் மானம் போவக்கூடாதுன்னுதான்... அவங்க வந்ததே என்னாலதான். அந்தப் புஸ்தகத்துல எழுதினது நான். எங்க வரணும், என்ன சொல்லணும், எல்லாம். நாப்பது பேர் வருவாங்கன்னு மூணு நாள் முன்னாடியே தெரியும். உன்கிட்ட சொல்லல."

ஃபிலியோ கத்தியைக் கீழே வைத்தாள். சராந்திஸ் உலைப் பக்கம் திரும்பினான். பிறகு, மிக மெதுவாகக் கேட்டான்.

"உலைக்குள்ள எத்தன பான இருக்கு, ஃபிலியோ?"

"ரெண்டு. சமைச்சவங்களுக்குன்னு வெச்சது."

"ரெண்டு பான கடல இருக்கு" என்று சராந்திஸ் அந்திமோஸிடம் சொன்னான். "ஆளுக்கு ஒரு கரண்டின்னாலும் நூறு பேருக்கு வரும். கறி தீந்தா கடல. கடல தீந்தா ரொட்டி. ரொட்டியும் தீந்தா தண்ணி குடுத்து உக்கார வெப்பேன். அதுல மானம் போவாதுடா. எம் பேரச் சொல்லி ஒரு ஆள வாசல்லேர்ந்து அனுப்பினியே, அதுல போச்சு."

அவன் ஒரு பானையைச் சாக்கில் சுற்றித் தூக்கினான். சூடு தெரிந்திருக்க வேண்டும், முகத்தில் காட்டவில்லை. "படகை எடு" என்றான்.

சராந்திஸின் மீன்பிடிப் படகில் ஹோட்டலுக்குப் பதினைந்து நிமிடம். சராந்திஸ் பானையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, மேலே கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்தவர்கள் உடை மாற்றி, நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்நாற்காலிகளில் கிடந்தார்கள். குளத்தின் பின்னால் உயர்ந்து நின்ற கல் சுவர் சராந்திஸ் கட்டியது. அவன் அதன் பக்கமே பார்க்கவில்லை. மாவும் கரியும் ஒட்டிய சட்டையோடு குளத்தின் ஓரத்தில் பானையை இறக்கி, மூடியைச் சுற்றியிருந்த மாவைக் கரண்டிக் காம்பால் உடைத்தான். வெங்காயமும் எலுமிச்சையும் மணத்தன. தலைகள் திரும்பின. யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்தினார்.

"சொல்லு" என்றான் சராந்திஸ்.

"என்ன சொல்ல?"

"விழாக்காரன் அனுப்பலன்னு சொல்லு. அனுப்பினது நீன்னு சொல்லு. இப்ப அவனே வந்திருக்கான், சாப்பிடக் கூப்பிடறான்னு சொல்லு. போவச் சொன்ன வாயாலயே சொல்லு."

அந்திமோஸ் சொன்னான். பதினெட்டு வருடமாக இந்தக் குளக்கரையில் நின்று காற்றையும் பில்லையும் தலையசைப்பையும் விளக்கியவன். இந்த நான்கு வாக்கியத்தைச் சொல்வதற்குள் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. பணிப்பெண்கள் தட்டுகளோடு அப்படியே நின்றார்கள். ஒருவர், "ஐயோ பரவாயில்லை, நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்" என்று கனிவாகச் சொன்னார். இன்னொருவர், தனக்குப் பசியில்லை, ஆனால் மிக்க நன்றி என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"பசியில்லையாம்."

"பசிக்குதான்னு நான் கேக்கலயே" என்றான் சராந்திஸ். கரண்டியைப் பானைக்கு மேலே பிடித்தபடி நின்றான். வெயில் அவன் நெற்றியில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

டச்சுக்காரப் பெண்மணிதான் முதலில் எழுந்தாள். நீச்சல் உடைக்கு மேல் துவாலையைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தரையில் கைத்தடியைப் பார்த்துப் பார்த்து ஊன்றி வந்தாள். சராந்திஸ் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். கடைசிக் கடலை வரை நின்றபடியே சாப்பிட்டாள். அவளுக்குப் பிறகு அவள் தோழி, பிறகு ஒரு கணவன் மனைவி. மொத்தம் பதினொரு பேர். மீதிப் பேருக்காக சராந்திஸ் அரைமணி நேரம் காத்திருந்தான். பிறகு பானையை மூடினான்.

குடாவுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கோயில் முற்றத்தில் கூடியிருந்தது. செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அந்திமோஸைப் பார்த்ததும் பேச்சு நின்று, கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு வேறு பேச்சு தொடங்கியது. பாதிரியார் பட்டியல் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். சராந்திஸ் கையைக் கழுவித் துடைத்து, மரீனாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அடுத்து யாரு?" என்று வழக்கப்படி கேட்டான்.

"அந்திமோஸ்" என்று பாதிரியார் படித்தார்.

சராந்திஸ் படத்தை நீட்டினான். நீட்டியே விட்டான். கோபமாகவும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை. முறை வந்தவனுக்கு முறைப்படி. அதைத்தான் அந்திமோஸால் தாங்க முடியவில்லை. கைகள் பாதி உயர்ந்தன. படத்தின் கீழ்ச்சட்டத்தில் இத்தனை வருட உள்ளங்கைகள் பட்டு மரம் கறுத்திருப்பது தெரிந்தது.

"என் பேரை அடியில போடுங்க, சாமி" என்றான்.

"அடியிலன்னா, இன்னும் ஒம்பது வருஷம் ஆவும்பா."

"தெரியும்."

யாரும் தடுக்கவில்லை. யாராவது ஒருவர் 'அட விடுப்பா' என்று சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தான் என்பது, யாரும் சொல்லாதபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. பாதிரியார் கோடு போட்டு அடித்து, கீழே எழுதினார். அடுத்த பெயர் சம்பேத்தா. டாக்ஸி ஓட்டுபவள். கூட்டத்தின் கடைசியில் கொட்டைகளைக் கொறித்துக்கொண்டு நின்றவள் திடுக்கிட்டு, "நானா? வீட்டுல வெளக்குக்கு எண்ணெகூட இல்லயே! தம்பி சட்டை முழுக்கக் கொடியில தொங்குதே!" என்று அலறி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். ஊர் சிரித்தது. படம் அவளிடம் போனது. சராந்திஸ் உள்ளே போய் அண்டாக்களை உருட்ட ஆரம்பித்தான். அந்திமோஸ் கழுவுவதற்குப் பின்னாலேயே போனான். "வேணாம், ஆள் இருக்கு" என்றாள் ஃபிலியோ.

மலைப்பாதையில் அவன் தனியாக ஏறினான். திருப்பத்தில் வீடு தெரிந்தது. எல்லா விளக்குகளும் எரிந்தன. கதவு அகலத் திறந்திருந்தது. படம் வருகிற மாலையில் அக்கம்பக்கத்தார் வந்து வரவேற்பது வழக்கம். விருந்திலிருந்து முன்பே திரும்பிவிட்ட பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். சாம்பிராணிக் கலசத்தோடு அர்கிரோ முன்னால் நின்றாள். மடித்த நீல மேல்துணியைத் தலையில் போட்டிருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும் கலசத்தை ஆட்டத் தொடங்கினாள்.

பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். கலசம் ஆடுவது நின்றது.

"எங்க?"

"சம்பேத்தா வீட்டுக்குப் போயிடுச்சு."

"ஏன்? உங்க முறைதானே?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் காலை மாற்றி நின்றார்கள். ஒருவர் கிளம்புவதற்காகத் தொப்பியைத் தேடினார். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அவளிடம் மட்டும் சொல்லலாம். நாளைக் காலையில் சந்தையில் வேறு யாராவது இவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள்.

"யாரும் போவாதீங்க" என்றான் அந்திமோஸ். "சொல்றேன். நானே சொல்லிடறேன்."

அர்கிரோ கலசத்தைப் படிக்கட்டில் வைத்தாள். அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, குளிர்காலத்தில் ஹோட்டல் மூடியிருந்த நாட்களிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.